போதிதருமர்: ஒரு பொம்மைக்குள் வாழும் துறவி

ஜப்பான் நாட்டின் குன்மா மாவட்டத்தில் தகாசாகி என்றொரு நகரம் உண்டு. அந்நாட்டில் விற்பனையாகும் தருமா பொம்மைகளுள் பெரும்பகுதி அந்நகரப் பகுதியிலேயே செய்யப்படுகின்றது. கையும் காலும் இல்லாத உருண்டை வடிவம், செந்நிறப் போர்வை, அடர்ந்த புருவம், தாடி, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் வெள்ளை வட்டங்கள்: இதுவே அப்பொம்மையின் தோற்றம். எப்பக்கம் தள்ளினும் சாய்ந்து, தானே நிமிர்ந்துகொள்ளும். நம் தஞ்சாவூர்ப் பொம்மையை அறிந்தோர்க்கு அதன் சூத்திரம் உடனே விளங்கும். அடியில் கனம் இருப்பதே காரணம். ஜப்பானியர் இதனை நற்பேறு தரும் பொருளாகக் கருதி வீட்டிலும் கடையிலும் வைத்துப் போற்றுகின்றனர்.

தருமா என்பது தருமர் என்னும் பெயரின் ஜப்பானிய ஒலிப்பு. பொம்மைக்குள் இருப்பவர் நம் தென்னாட்டிலிருந்து சென்றவராகக் கூறப்படும் பௌத்தத் துறவி போதிதருமர். 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வாயிலாக இவர் பெயரை நம் இளைஞர் பலரும் அறிவர். படத்தில் கண்டதெல்லாம் வரலாறு அன்று. பழைய நூல்கள் அவரைப்பற்றிக் கூறுவன யாவை, அவற்றுள் எவற்றை ஏற்கலாம், அவர் எவ்வாறு பொம்மையானார் என்பவற்றை நம் சங்கத்து இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் இவ்வரலாற்றை எழுதலானேன்.

போதிதருமரைப்பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப்பழைய குறிப்பு 547 ஆம் ஆண்டைச் சார்ந்தது. யாங் சுவான்சி என்பார் சீனத்தின் லோயாங் நகரத்துப் பௌத்தக் கோயில்களைப்பற்றி எழுதிய நூலில் அஃது இடம் பெற்றுள்ளது. அந்நகரில் 516 ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற யோங்னிங் கோயிலின் உயர்ந்த கோபுரத்தைக் கண்டு வியந்து, கைகூப்பிப் பல நாள் போற்றிய அயல்நாட்டுத் துறவியாக நம்மவர் அதில் காட்சி தருகின்றார். அப்போது தமக்கு வயது 150 என்று அவர் கூறிக்கொண்டாராம். அக்கோபுரம் 534 இல் தீக்கிரையாயிற்று. ஆகவே, ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் லோயாங்கில் இருந்தார் எனக் கொள்ளலாம். ஆயின், அந்நூல் அவரைப் பாரசீகத்தார் என்கின்றது!

அவருடைய போதனையைத் தொகுத்த தான்லின் என்பவரோ, அவர் தென்னிந்தியப் பேரரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் துறவியர் வரலாறுகளைத் தொகுத்த தாவோசுவான், அவர் தென்னிந்தியப் பிராமணக் குலத்தவர் என்றார். 1004 ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற மற்றொரு சீன நூல் அவரைச் சத்திரியர் ஆக்கிற்று. அந்நூல் கூறும் நாட்டின் பெயரைக் காஞ்சி எனக் கொண்டு, அவரைப் பல்லவ இளவரசர் என்பாரும் உளர். காஞ்சி அக்காலத்தில் பௌத்தம் தழைத்த நகரமே. 640 ஆம் ஆண்டையொட்டி அங்கு வந்த சீனப் பயணியான யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் அந்நாட்டில் இருந்ததாகக் குறித்துள்ளார். எனவே அவர் காஞ்சியினர் என்பது நடக்கக்கூடாத ஒன்றன்று. அவர் தென்னிந்தியர் என்பது வரை பழைய சான்றின் வலிமை உண்டு. பல்லவ இளவரசர் என்பதற்கு அவ்வலிமை இல்லை. வீட்டையும் குடியையும் துறந்து கடல் கடந்தவரைத் தேடிப்பிடித்து மூன்று நூல்கள் மூன்று பிறப்பினைச் சூட்டியிருப்பதைக் காண்கையில், பிறப்பு விசாரிக்கும் பழக்கம் நம் ஊரோடு நின்றுவிடவில்லை என்றே எண்ணத் தோன்றுகின்றது.

அவர் கடல்வழியே தென்சீனத்தில் இறங்கினார். எந்த ஆண்டில் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பது ஒரு கணக்கு, 527 ஐ ஒட்டி என்பது மற்றொன்று. தென்பகுதியில் அப்போது லியாங் அரசர் வூ ஆண்டுகொண்டிருந்தார் எனப் பிற்கால நூல்கள் கூறும். 502 முதல் 549 வரை அரியணையில் இருந்த அவர் பெரும் பௌத்தப் பற்றாளர். கோயில்கள் பல கட்டியவர். தம்மையே கோயிலுக்கு ஊழியனாக ஒப்புக்கொடுத்து, அமைச்சர்கள் பெருந்தொகை செலுத்தி மீட்கும்படி செய்தவர். அவ்வரசர் போதிதருமரை வரவழைத்து, இத்தனை கோயில் கட்டி, இத்தனை நூல்களைப் படியெடுப்பித்து, இத்தனை பேரைத் துறவறம் புகச் செய்த தமக்குக் கிட்டும் புண்ணியம் எவ்வளவு என வினவினாராம். எதுவும் இல்லை என்று துறவி விடையிறுத்தார். தம் முன் நிற்கும் அவர் யாரென அரசர் சினந்து கேட்டதற்கு, தாம் அறியேன் என்று கூறிவிட்டு அகன்றார். இச்சந்திப்பு நடந்ததாக முற்கால நூல் எதுவும் கூறவில்லை. எட்டாம் நூற்றாண்டில்தான் இக்கதை தலைகாட்டுகின்றது. எனினும் பயன் கருதிச் செய்யும் அறம் வாணிகமே என்னும் அவர்தம் கொள்கைக்கு இக்கதை முற்றும் பொருந்துவதால், மக்கள் இதனை விடாது பற்றிக்கொண்டனர்.

பின்னர் அவர் யாங்சி ஆற்றை ஒரு நாணல் தண்டின்மேல் நின்று கடந்து வடக்கே சென்றார் என்பது ஓவியர்கள் விரும்பி வரையும் காட்சி. சோங் மலையில் உள்ள ஷாவோலின் கோயிலுக்கு அருகே ஒரு குகையில் சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் அமர்ந்தார் என்பர். ஷாவோலின் கோயில் அவருக்கு முன்னரே, 495 ஐ ஒட்டி, வேறோர் இந்தியத் துறவிக்காக எழுப்பப்பட்டதாகும். அங்குள்ள மற்போர்க் கலையை அவர் தோற்றுவித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூலோ 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒன்றைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்?

ஒன்பது ஆண்டுத் தவத்தைப்பற்றிய கதைகள் பல. ஒருநாள் உறக்கம் மேலிட்டதால் தம் கண்ணிமைகளையே அரிந்து எறிந்தார். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பது ஒன்று. சீனர் தேநீர் அருந்துதல் அவருக்கு நெடுங்காலம் முற்பட்டது என்பதால் இதனைக் கற்பனை என எளிதில் தள்ளலாம். அசையாது அமர்ந்தமையால் கைகால்கள் சூம்பி உதிர்ந்தன என்பது மற்றொன்று. ஜப்பானியப் பொம்மையின் விழித்த பார்வைக்கும் கைகால் இல்லா வடிவத்திற்கும் இவ்விரு கதைகளையே காரணம் காட்டுகின்றனர்.

அவருடைய மாணாக்கருள் தலையாயவர் ஹுய்கே. பனிப்பொழிவில் இரவு முழுதும் நின்று, தம் உறுதியைக் காட்ட இடக்கையை வெட்டி ஆசிரியர் முன் வைத்தார் என்பது புகழ்பெற்ற கதை. அக்கை திருடரால் வெட்டப்பட்டது என்று தாவோசுவான் எழுதியிருப்பதே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகின்றது. மாணாக்கன் கையை வெட்டினால்தான் பாடம் சொல்லுவேன் என்னும் ஆசிரியரை நாம் போற்ற வேண்டியதில்லை. கட்டைவிரல் கேட்ட ஆசிரியர் ஒருவரின் கதை நமக்கு ஏற்கெனவே போதும். ஹுய்கேயிடம் போதிதருமர் இலங்காவதார சூத்திரத்தை ஒப்படைத்தார். 530 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

அவருடைய போதனை எனத் தான்லின் தொகுத்த சிறு நூலே நாம் கருதிப்பார்க்க வேண்டியது. எல்லா உயிர்க்கும் உள்ளியல்பு ஒன்றே, பாமரனுக்கும் ஞானிக்கும் இடையே அவ்வகையில் வேற்றுமை இல்லை என்பது அதன் அடிப்படை. இதனை உணர்ந்தவன் நடக்க வேண்டிய முறை நான்கு. துன்பத்தை முன்வினையின் பயன் எனக் கொண்டு முறையிடாது ஏற்றல் முதலாவது. நன்மை வந்தாலும் தீமை வந்தாலும் சூழ்நிலையின் விளைவெனக் கருதி நிலைகுலையாமை இரண்டாவது. எதனையும் வேண்டாமை மூன்றாவது. அறத்தோடு இயைந்து நடத்தல் நான்காவது.

இவற்றுள் முதலாவதை வாசிக்கும்போது நம்மவர் நெஞ்சம் உடனே உடன்படாது, உடன்படவும் வேண்டுவதில்லை. முன்வினை என்னும் அச்சொல்லைக் காட்டியே நம் முன்னோரை ஊருக்கு வெளியே நிறுத்தினர். பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறவொட்டாது தடுத்தனர். கிணற்றடியில் காத்திருக்க வைத்தனர். துன்பத்தைத் தானே விரும்பி மேற்கொண்ட ஒரு துறவி தனக்குத்தானே அவ்வாறு கூறிக்கொள்வது ஒன்று. வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்து அதையே கூறுவது முற்றிலும் வேறொன்று. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல்லாயிரவரோடு பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், தம் மறைவுக்குப்பின் 1957 இல் வெளியான புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில், முற்பிறவி வினையே இப்பிறவியின் நிலையை முடிவு செய்கின்றது என்பது புத்தர் கொள்கையாக இருக்கவியலாது என மறுத்துள்ளமை நாம் அறிந்ததே. 1898 இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டிதர் அயோத்திதாசர் காலந்தொட்டு நம்மவர் பௌத்தத்தை நாடியது பிறப்பின் தளையை அறுக்கவேயன்றி, அதனைப் பொறுத்துக்கொள்ளும் வழி தேடியன்று. ஆகவே போதிதருமரின் பெயரால் வந்தது என்பதற்காக அம்முதற்கூற்றை அப்படியே விழுங்கிவிட நாம் கடமைப்பட்டவர்கள் அல்லோம்.

எல்லா உயிர்க்கும் இயல்பு ஒன்றே என்னும் கூற்றோ அவர் வழிவந்தோரிடத்தில் அரியதொரு விளைவைத் தந்தது. போதிதருமரை முதல்வராகக் கொண்டு எண்ணினால் ஆறாவதாக வருபவர் ஹுய்நெங் (638-713). சீனத்தின் தென்கோடியில், தந்தையை இழந்து, தாயைக் காப்பாற்ற விறகு விற்றுப் பிழைத்தவர்; எழுத்தறியாதவர். கடைத்தெருவில் ஒருவர் வைரச் சூத்திரத்தை ஓதக் கேட்டு உள்ளம் கிளர்ந்து, ஐந்தாம் ஆசிரியரான ஹொங்ரென் இருந்த மடத்தை நாடி நெடுந்தொலைவு நடந்தார். தென்னாட்டுக் காட்டுமிராண்டியாகிய நீ எங்ஙனம் புத்தநிலை எய்துவாய் என்னும் கருத்துப்பட ஆசிரியர் கேட்டார். மனிதர்க்குத் தெற்கு வடக்கு இருக்கலாம், புத்த இயல்புக்கு அவ்வேறுபாடு ஏது என்று இவர் திருப்பிக் கேட்டார். எனினும் அவரை எட்டுத் திங்கள் நெல் குத்தும் கொட்டிலிலேயே வைத்திருந்தனர். மடத்தின் மூத்த மாணாக்கர் சுவரில் ஒரு பாட்டு எழுத, அதற்கு மறுமொழியாக இவர் ஒரு பாட்டினைச் சொல்லி, எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார். அதன் ஆழம் கண்ட ஆசிரியர், நள்ளிரவில் இவரை அழைத்து, போதிதருமர் வழிவந்த மேலாடையைக் கொடுத்து, பொறாமைக்காரர் கையில் சிக்காதவாறு தெற்கே அனுப்பி வைத்தார்.

இக்கதையின் பல பகுதிகள் ஹுய்நெங் வழியினரால் பின்னர்ப் புனையப்பட்டவை என அறிஞர் கூறுவர். அவ்வாறே ஆயினும், தங்கள் பெருமைக்குரிய தலைவரை அரசகுமாரனாகப் புனையாது, நெல் குத்திய விறகுவெட்டியாகப் புனைந்தார்களே, அது சிறிய செய்தியா? ஒன்று மட்டும் இங்கே சொல்லிவைக்க விரும்புகின்றேன். எழுத்தறியாத ஹுய்நெங்கே உயர்ந்தாரே, படிப்பெதற்கு என்று எவரேனும் கேட்பராயின், அன்று அருகில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்திராவிட்டால் அப்பாட்டு என்னவாகியிருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

தியானம் என்னும் நம் சொல் சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆயிற்று. 1191 இல் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாயும், 1227 இல் திரும்பிய தோகெனும் அந்நெறியை ஜப்பானில் வேரூன்றச் செய்தனர். அதனோடு போதிதருமரும் அங்கே குடியேறினார். 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாகுயின் போன்ற ஜென் ஆசிரியர்கள் அவரது முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தனர்.

அவரைப் பொம்மையாக்கியது பஞ்சம். தகாசாகியில் 1697 இல் அமைக்கப்பட்ட கோயில் ஒன்றுண்டு. ஷாவோலின் என்பதன் ஜப்பானிய ஒலிப்பாக ஷோரின்சான் எனப் பெயர் பெற்றது. சீனத்திலிருந்து வந்த ஷின்எட்சு என்னும் துறவி வரைந்த தருமர் ஓவியத்தை அச்சிட்டுப் புத்தாண்டில் காப்பாக வழங்கி வந்தனர். 1783 இல் அசாமா எரிமலை வெடித்தது. சாம்பல் வயல்களை மூடிற்று. அவ்வாண்டுகளில் நாடெங்கும் பெரும்பஞ்சம் நிலவியது. அப்போது அக்கோயிலின் ஒன்பதாம் தலைவராக இருந்த தோகாகு, அவ்வோவியத்தைப் பார்த்து மரத்தில் அச்சு ஒன்று செதுக்கி, காகிதத்தால் பொம்மை செய்யும் தொழிலைச் சுற்றுப்புற உழவர்க்குக் கற்பித்தார் என்பது அவ்வூர் மரபு. அச்சின்மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, பிளந்து எடுத்து, மீண்டும் இணைத்து, அடியில் களிமண்ணை வைத்துவிட்டால் பொம்மை விழாது நிற்கும். விழுந்து எழும் பொம்மை ஜப்பானில் முன்னரே இருந்ததுதான். அதற்குத் தருமரின் முகத்தைப் பொருத்தியது பின்னாளில் நிகழ்ந்தது.

துன்பத்தை முறையிடாது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அத்துறவி உழவர்களிடம் உபதேசித்து நின்றுவிடவில்லை என்பதை இங்கே கருத வேண்டும். கையில் ஒரு தொழிலைக் கொடுத்தார். ஏழு முறை விழுந்தாலும் எட்டாம் முறை எழுதல் என்னும் பொருளுடைய ஜப்பானியப் பழமொழி இப்பொம்மையோடு இணைந்தது. போதிதருமர் பெயரால் வழங்கும் நூலின் முதற்கூற்றைவிட, பசித்த குடியானவர் களிமண்ணும் காகிதமும் கொண்டு எழுதிய இவ்வுரையே என் உள்ளத்திற்கு உகந்தது.

பொம்மையின் ஒவ்வொரு கூற்றுக்கும் பொருள் உண்டு. சிவப்பு துறவியின் ஆடை நிறம். அதனோடு, பெரியம்மையை ஓட்டவல்லது சிவப்பு என்னும் நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தமையால் நோயுற்ற குழந்தைகளுக்கு இப்பொம்மையை அளித்தனர். தகாசாகிப் பொம்மையின் புருவம் கொக்கின் வடிவம், தாடி ஆமையின் வடிவம். இரண்டும் நீண்ட ஆயுளின் அடையாளம். அப்பகுதியில் பட்டுப்புழு வளர்ப்போர் மிகுதி. புழு நான்கு முறை உறங்கித் தோலுரித்து விழிப்பதை எழுதல் என்றே அவர்கள் வழங்குவராதலின், எழும் பொம்மை அவர்களுக்கு உகந்ததாயிற்று. வலக்கை தூக்கினால் பணத்தையும் இடக்கை தூக்கினால் வாடிக்கையாளரையும் அழைக்கும் என்று கடைகளில் வைக்கும் பூனைப் பொம்மை, கோயிலில் வாங்கும் துணிப்பைக் காப்பு, ஆயிரம் காகிதக் கொக்குகள் என ஜப்பானியரிடம் நற்பேற்றுப் பொருள்கள் வேறு பலவும் உள்ளன. அவற்றுள் வாங்கியவனுக்கு வேலை வைப்பது தருமா ஒன்றே என்பேன்.

கண்ணில்லாத பொம்மையை வாங்கியவர் ஒரு குறிக்கோளை மனத்தில் கொண்டு, பெரும்பாலும் பொம்மையின் இடக்கண்ணை முதலில் தீட்டுவார். குறிக்கோள் நிறைவேறிய பின்னரே மற்றக் கண். நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர், கடை திறப்போர், தேர்தலில் நிற்போர் யாவரும் இதனைச் செய்கின்றனர்; வெற்றி பெற்ற வேட்பாளர் மறுகண்ணைத் தீட்டுவது அங்குச் செய்தித்தாள்களில் வழக்கமான காட்சி. எதனையும் வேண்டாதே என்று கற்பித்தவரைக் கொண்டே வேண்டுதல் நிறைவேற்றிக்கொள்வது முரண்பாடே. எனினும் பொம்மையின் பேரில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மாயம் ஏதும் அதனிடம் இல்லை. படிக்காதவனைத் தேர்வில் எந்தப் பொம்மையும் தேற்றாது. மேசைமேல் ஒற்றைக் கண்ணோடு அமர்ந்து, தொடங்கிய காரியம் முடியவில்லை என்பதை நாள்தோறும் நினைவூட்டும் அளவில் அதற்கு ஒரு பயன் உண்டு. அப்பயனைத் தரவல்ல வேறு பொருள் உங்கள் வீட்டில் இருப்பின், ஒரு சுவர்க்கடிகாரமாயினும் சரி, அதுவே போதும்.

ஆண்டு முடிந்ததும் பழைய பொம்மையைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவர். ஷோரின்சானில் ஜனவரி 6, 7 ஆம் நாள்களில் புத்தாண்டு விழா நடைபெறும். திரும்பி வந்த பொம்மைகளை அம்மாதத்திலேயே சடங்குடன் குவித்து எரிப்பர். இரு கண் பெற்றதும் ஒரு கண்ணோடு நின்றதும் ஒரே தீயில் எரிகின்றன. வாங்குவோர் மீண்டும் கண்ணில்லாத புதியதொன்றை எடுத்துச் செல்வர். தகாசாகியில் அறுவடை முடிந்து வறண்ட குளிர்காற்று வீசத் தொடங்கினால் காகிதம் விரைவில் காயும். அப்பருவம் வந்ததும் அடுத்த ஆண்டுக்கான பொம்மைகளை முற்றத்தில் வரிசையாகக் காயவைப்பர்.